நாலு வாளி வெந்நீரும் முப்பது யூனிட்டும்

போன வாரம் ஒரு போன் வந்தது. என்னிடம் மீட்டர் டெஸ்டிங் பழகியவர், இப்போது எங்கள் மின்சார இலாகாவிலேயே பெரிய இன்ஜினீயர். வீட்டில் ஹீட் பம்ப் என்று ஒரு வாட்டர் ஹீட்டர் வைக்கப்போகிறாராம். அது கம்பியைச் சூடாக்கித் தண்ணீரைக் காய்ச்சாதாம். காற்றில் இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்குமாம். பழைய ஹீட்டர் தின்கிற கரண்டில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். “நிஜமா மாசம் எம்புட்டு ஆகும்ணே, உங்களுக்குத்தான் கணக்குத் தெரியும்” என்று கேட்டார்.

“மொதல்ல குழாய் எப்புடிப் போகுதுன்னு சொல்லு” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். வயசானவர், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எங்கேயோ போகிறார் என்று நினைத்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹீட்டருக்கு ஆகும் செலவைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குப் பள்ளத்தூர் வீடு ஒன்றுதான் ஞாபகம் வரும். போனில் சொல்லக்கூடிய சங்கதி இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அமராவதிபுதூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, அறுபதுகளின் தொடக்கத்தில், காரைக்குடி கரண்ட் ஆபீஸில் ஹெல்பராகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் கம்பம் ஏறினேன். ஒரு தடவை விழுந்தேன். விழுந்த பிறகு கம்பத்தைப் பார்த்தாலே கால் நடுங்கியதால் மதுரைக்கு அனுப்பி மீட்டர் வேலை கற்றுக்கொடுத்தார்கள். திரும்பி வந்து டெஸ்டர் ஆனேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

டெஸ்டர் வேலை என்பது ஊர்ச் சண்டையைக் கேட்கிற வேலை. பில் கூடினால் யாருக்கும் தாங்கள் எரித்தது ஞாபகம் வராது, மீட்டர் ஓடியதுதான் ஞாபகம் வரும். காரைக்குடி செக்காலையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், வெயிலில் மீட்டர் வேகமாக ஓடும் என்று நம்பி, அதன் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்திருந்தார். எடுங்கள், ஷாக் அடிக்கும் என்றால், “நீங்க எடுக்கச் சொல்லுவீக, உங்களுக்கு லாபம்ல” என்றார். இன்னொரு வீட்டில் மீட்டருக்கு விபூதி பூசி, பூ வைத்திருந்தார்கள். அந்த மீட்டர் மட்டும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது. அதை எழுதி மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வீட்டு அம்மா என்னை ரொம்ப நாள் மன்னிக்கவில்லை.

சோதனை செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். மரப்பெட்டியில் ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு வோல்ட் மீட்டர், கைப்பிடியைச் சுழற்றிக் கரண்ட் கசிவு பார்க்கிற மெக்கர், அப்புறம் அளவாகக் கரண்ட் இழுக்கிற ஆயிரம் வாட் லோடு ஒன்று, இவ்வளவும் இருக்கும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் கேட்பார். வீட்டுக்குப் போனதும் முதலில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் தட்டைப் பார்க்க வேண்டும். அது நிற்க வேண்டும். நிற்காமல் ஊர்ந்தால் மீட்டரில் கோளாறு, இல்லையென்றால் எங்கோ கசிவு. பிறகு நம் லோடைப் போட்டு, தட்டில் இருக்கிற கறுப்புக் கோடு எத்தனை நொடிக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ண வேண்டும். ஒரு யூனிட்டுக்கு அறுநூறு சுற்று என்று மீட்டரில் எழுதியிருந்தால், ஆயிரம் வாட்டுக்குப் பத்துச் சுற்று ஒரு நிமிஷத்தில் முடிய வேண்டும். வோல்டேஜ் கூடக் குறைய இருந்தால் அதற்குத் தகுந்தபடி கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். மூன்று தடவை எண்ணி, சராசரி எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். நான் இதில் கெட்டிக்காரன். அந்தத் திமிரும் அப்போது எனக்கு இருந்தது.

எங்களுக்கு மேலே இருந்த ஏ.இ., அதாவது அசிஸ்டண்ட் இன்ஜினீயர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். திட்டவே மாட்டார். அது நிம்மதி என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். நம் ரிப்போர்ட்டை நின்றபடியே படிப்பார். சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அந்தப் புள்ளி ஏன் விழுந்தது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு புள்ளிக்காக நான் இரண்டு நாள் சோறு பிடிக்காமல் அலைந்ததுண்டு. கடைசியில் பார்த்தால் தேதி தப்பு.

பள்ளத்தூர் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எழுபதுகளின் ஆரம்பம். அங்கே ஒரு பெரிய வீடு, செட்டியார் வீடு, ஒன்றன் பின் ஒன்றாக முற்றம் வைத்த மூன்று கட்டு. நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே வீட்டுக்குள் இருப்பார்கள், அடுப்பும் செலவும் தனித்தனி. அந்த வீட்டில் அப்போது இருந்தது அண்ணன் குடும்பம் ஒன்று, தம்பி குடும்பம் ஒன்று. தம்பி பர்மாவில் இருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். வந்த சில வருஷத்தில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவர் மனைவி வள்ளியம்மை ஆச்சிக்கு அப்போது முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்த இனத்தில் வயசு பார்க்காமல் பெண்களை ஆச்சி என்றுதான் சொல்வது.

படுக்கையில் கிடக்கிறவருக்கு வெந்நீர் எந்த நேரமும் வேண்டியிருந்தது. துடைத்துவிட, ஒத்தடம் கொடுக்க, படுக்கையிலேயே போனால் கழுவிவிட. விறகு அடுப்போ மூன்றாம் கட்டில் இருந்தது, அவர் படுத்திருந்தது முதல் கட்டு அறையில். அந்தக் கஷ்டத்தைப் பார்த்து ஆச்சியின் அண்ணன் ஒரு எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கி அனுப்பினார். ஆயிரத்து ஐநூறு வாட், செப்புத் தொட்டி. ஃபிட்டர் வந்து மாட்டினார். மாடியில் சிமெண்டுத் தொட்டி இருந்தது, அதிலிருந்து தண்ணீர். விளக்குக்கு ஒரு மீட்டர், ஹீட்டர் மாதிரி சாமான்களுக்குத் தனி மீட்டர், அந்தக் காலத்தில் அப்படித்தான் முறை. ஆக அந்த இரண்டாவது மீட்டரில் ஓடுவது முழுக்க ஆச்சியின் வெந்நீர் மட்டும்தான்.

சூடானதும் தானாக அணைந்துவிடும், சுவிட்சைப் போட்டே வையுங்கள் என்று கடையில் சொன்னார்கள். ஆச்சி போட்டே வைத்தார். மாதக் கடைசியில் தினத்துக்கு முப்பது யூனிட் வீதம் ரீடிங் வந்தது. ஒரு சின்ன மாவு மில் ஓட்டினால் அவ்வளவு வரும்.

தம்பியின் காசும் அண்ணன் கையில்தான் இருந்தது. அந்த வீட்டு அண்ணனான பெரிய செட்டியார் கெட்டவர் இல்லை. ஆனால் வீண் செலவு என்றால் அவருக்கு உடம்பு எரியும். மூன்று மாதம் பொறுத்தார். நாலாவது மாதம், “ஹீட்டரை எடுத்துரச் சொல்லிட்டேன், அம்புட்டுப் பேரும் அடுப்புலதானே காய்ச்சிக் குளிச்சோம்” என்றார். ஆச்சி ஒரே ஒரு அவகாசம் கேட்டார். மீட்டரில்தான் கோளாறு, ஆபீஸில் எழுதிக்கொடுத்துப் பார்க்கிறேன், சரியாக இருந்தால் நானே எடுத்துவிடுகிறேன் என்று. அந்த மனுவோடுதான் நான் போனேன்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். தட்டு ஊரவில்லை. கசிவு இல்லை. மூன்று தடவை எண்ணியும் பத்துச் சுற்று கணக்குப்படி வந்தது. லைன் கம்பி போய் முடிகிற கடைசி இடம் என்பதால் வோல்டேஜ் குறைவு, ஹீட்டர் முழு வேகத்தில் வேலை செய்யாமல் முப்பது யூனிட்டோடு நின்றதே அதனால்தான். பெரிய செட்டியாரிடம் மீட்டர் சரி என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

ஆச்சி கையில் ஒரு பேசினோடு அறை வாசலில் நின்றார். உள்ளே கட்டிலில் அவர் கணவர், வாய் ஒரு பக்கம் கோணி, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நான் ஒரு நாளைக்கு நாலு வாளிக்கு மேல எடுக்கலை. சாமி சத்தியமா எடுக்கலை” என்றார் ஆச்சி.

“மீட்டர் பொய் சொல்லாது ஆச்சி” என்றேன்.

நான் என் வாழ்க்கையில் சொன்ன வார்த்தைகளில் இன்றைக்கும் திரும்ப வாங்கிக்கொள்ள நினைப்பது அதைத்தான். ஆச்சி பேசினோடு உள்ளே திரும்பிவிட்டார். பெரிய செட்டியார் சொன்னபடி, நானே ஹீட்டர் சுவிட்சின் ஃபியூஸைப் பிடுங்கி, ஈய முத்திரை வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்ற நினைப்பு மட்டும்தான் எனக்கு அப்போது இருந்தது.

ரிப்போர்ட்டில் “மீட்டர் சரி. அதிகப் பயன்பாடு” என்று எழுதினேன். ஏ.இ. வெளியூர் போயிருந்ததால் பத்து நாள் கழித்துத்தான் அதைப் படித்தார். பேப்பர் திரும்பி வந்தது. புள்ளி, என் எண்களின் பக்கத்தில் இல்லை. “அதிகப் பயன்பாடு” என்ற வார்த்தைகளின் கீழே இருந்தது.

எவ்வளவு யோசித்தும் எனக்குப் புரியவில்லை. அவர் அறைக்குப் போய் நின்றேன். வழக்கமாக ஒன்றும் சொல்லாதவர் அன்றைக்கு மட்டும் கேட்டார்: “இது நீங்க பார்த்ததுங்களா, நினைச்சதுங்களா?”

“ரீடிங் அவ்வளவு வந்திருக்கே சார்.”

“கரண்ட் ஹீட்டருக்குப் போயிருக்குதுங்க. அதை நீங்க பார்த்திருக்கீங்க. சூடு எங்கே போச்சுங்க? முப்பது யூனிட் சூட்டுக்குக் கணக்கு வேணுமில்லைங்களா?”

நாலு வாளிக்கும், தொட்டி சும்மா இருக்கும்போது ஆறுகிற சூட்டுக்கும் சேர்த்து நாலு யூனிட் போதும். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததில்லை. மிச்சம் இருபத்தாறு யூனிட் சூடு. அவ்வளவு வெந்நீரை ஒரு பெண் தனியாக எடுத்து ஊற்றினால் வீடு முழுக்க ஆவி அடித்திருக்க வேண்டும். இதை நான் அங்கே நின்றபோதே கேட்டிருக்க வேண்டும். கேட்காததற்குக் காரணம், ஒருவர் பேச்சை நம்புவதைவிட மீட்டரை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்ததுதான். வெட்கமாக இருந்தது. அன்றைக்கே பஸ் ஏறினேன்.

வள்ளியம்மை ஆச்சியின் வலது மணிக்கட்டில் நீல மை தடவியிருந்தது. அப்போதெல்லாம் சூடு பட்டால் மை தடவுவார்கள். மூன்றாம் கட்டில் இருந்து கொதிக்கிற அண்டாவைத் தூக்கி வரும்போது நிலைப்படியில் தடுக்கிக் கையில் கொட்டிக்கொண்டாராம். கட்டிலில் இருந்தவருக்கு முதுகில் புண் வைத்துவிட்டது. இதையெல்லாம் அவர் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குச் சொன்னார்.

மாடிக்குப் போகிறேன் என்றேன். பெரிய செட்டியாருக்கு எரிச்சல். “மீட்டரு கீழ இருக்கு, மாடியில என்ன பாக்கப் போறீக?” என்று கேட்டபடியே பின்னால் வந்தார். தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஹீட்டருக்கு இரண்டு குழாய் மேலே தொட்டிக்கு வரும். ஒன்று பச்சைத் தண்ணீர் கீழே இறங்க. இன்னொன்று சூட்டில் தண்ணீர் உப்பினால் ஆவி வெளியேற. இந்த இரண்டாவது குழாய், தொட்டித் தண்ணீருக்கு மேலே உயர்ந்து, வளைந்து, காற்றில் நிற்க வேண்டும். இங்கே அதை வளைத்துத் தண்ணீருக்குள்ளேயே முக்கிவிட்டிருந்தார்கள். சுடுதண்ணீர் லேசு, அது அந்தக் குழாய் வழியே தானாக மேலே ஏறித் தொட்டியில் கலக்கும். குளிர்ந்த தண்ணீர் மற்றக் குழாய் வழியே கீழே இறங்கும். ஹீட்டருக்குத் தண்ணீர் சூடாகி முடிந்தது என்ற நேரமே வராது, அது அணையவும் அணையாது. இராப்பகலாக அந்தச் சின்ன ஹீட்டர், மாடியில் இருந்த பெரிய தொட்டியைக் காய்ச்சிக்கொண்டு இருந்திருக்கிறது.

செட்டியாரிடம் விளக்கிச் சொன்னேன். அவர் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். “குளுந்துதான் கெடக்கு” என்றார்.

ஃபியூஸைத்தான் நான் பிடுங்கிவிட்டேனே, எப்படிச் சுடும். மறுபடி இணைத்து ஒரு நாள் ஓடவிட்டுக் காட்டுகிறேன் என்றேன். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. இன்னும் ஒரு நாள் கரண்ட்டை வீணாக்கி, என் சொந்த அபிப்பிராயத்தை நிரூபிக்கப் பார்க்கிறேன் என்பது அவர் எண்ணம். “குழாய் எங்கிட்டுப் போனா என்ன, தொட்டி சுட்டுச்சுன்னு யாரு பாத்தாக?” என்றார். நியாயமான கேள்விதான். நான் பார்க்கவில்லை. கீழே இறங்கி வந்தோம்.

இரண்டாம் கட்டில் பெரிய ஆச்சி, அதாவது செட்டியாரின் மனைவி, முறத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தொட்டித் தண்ணீர் வேறு யாருக்குப் போகிறது என்று வள்ளியம்மை ஆச்சியிடம் கேட்டேன். மற்றவர்கள் எல்லாரும் கிணற்றடியில் குளிப்பவர்கள். பின்கட்டில் ஒரே ஒரு குழாய் உண்டு, விடியற்காலையில் குளித்துவிட்டுக் கோலம் போடுகிற பெரிய ஆச்சிதான் அதைத் திறப்பார் என்று அவர் சொன்னார்.

தண்ணீர் சுட்டதா என்று யாரும் பெரிய ஆச்சியைக் கேட்கவில்லை. கேட்டால் கணவரைப் பொய்யாக்கச் சொல்வதாக ஆகிவிடும் என்று நான் தயங்கினேன். முறம் நின்றது.

“சுட்டுச்சு” என்றார் பெரிய ஆச்சி.

செட்டியார் திரும்பிப் பார்த்தார்.

“மார்கழியிலயே சுட்டுச்சு. மொத நாளு மூஞ்சில பட்டப்பவே தெரியும். எனக்கு முட்டியெல்லாம் வலி. பதினாறு வயசுல இந்த வீட்டுக்கு வந்தேன், விறகு வைக்காம ஒரு நாளு சுடுதண்ணி பாத்ததில்ல. சொன்னா நிப்பாட்டிப்புடுவாகன்னு சொல்லாம இருந்தேன்.” கொஞ்சம் நிறுத்தி, வள்ளியம்மை ஆச்சியைப் பார்க்காமலே சொன்னார்: “இவ மேல பழி விழுந்தப்பவாச்சும் சொல்லிருக்கணும். நான் பாவி, சொல்லலை.”

 அடுத்துப் பேசியது பெரிய செட்டியார். மாடிக் கைப்பிடிச் சுவரில் சுதையில் லட்சுமி உருவம் இருந்தது. தெருவில் இருந்து பார்த்தால் லட்சுமிக்குப் பின்னால் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டு தெரிந்ததாம். “அசிங்கமா இருக்கு, உள்ள விடுய்யான்னு ஃபிட்டருகிட்டச் சொன்னது நாந்தான்” என்றார். சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் காரைக்குடியில் இருந்து ஃபிட்டர் வந்துவிட்டார்.

முத்திரையை உடைத்து ஃபியூஸைப் போட்டேன். “ஆச்சி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. உங்களை நம்பியிருக்கணும்” என்றேன்.  அவர், “போன தடவ வெயில்ல வந்தீக, ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்காமப் போய்ட்டீக, இருங்க” என்று மோர் எடுத்து வந்தார். மை தடவிய கையால் கொடுத்ததை வாங்கிக் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. குடித்தேன்.

மறு மாதம் நானே போய் ரீடிங் எடுத்தேன். நான் போட்ட கணக்கு தினத்துக்கு நாலு யூனிட். வந்தது நாலரைக்குக் கொஞ்சம் கீழே. பழைய பயம் பிடித்துக்கொண்டது. மாடிக்கு ஓடிக் குழாயைப் பார்த்தேன், லட்சுமிக்குப் பின்னால் ஜோராக நீட்டிக்கொண்டு நின்றது. தொட்டித் தண்ணீர் சில்லென்று இருந்தது. கீழே வந்து வள்ளியம்மை ஆச்சியிடம், இன்னும் கொஞ்சம் சூடு எங்கோ போகிறது, தேடிப் பார்க்க வேண்டும் என்றேன்.

“தேட வேணாம் தம்பி. அது அக்காவுக்கு ஒரு வாளி.”

“பெரிய ஆச்சி கேட்டாகளா?”

“அவுக கேப்பாகளா? விடியக்காலையில கதவடியில வச்சிட்டு வந்துருவேன். வாளி காலியாத் திரும்பி வரும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அதுலயும் அக்காவுக்குப் பாதிதான். மிச்சப் பாதிய மேலுக்கு ஊத்திக்கிட்டுத்தான் பெரியவுக, அக்கா வீட்டுக்காரவுக, கிணத்தடிக்குப் போறாக. வெளிய சொல்லிறாதீக.”

ரிப்போர்ட்டில் கணக்குக்கும் ரீடிங்குக்கும் வித்தியாசம் இருந்தால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. ஆச்சி சொன்னால் நான் பார்த்த மாதிரிதான் என்று, “ஒரு வாளி, பார்த்தது” என எழுதிக் கொடுத்தேன். ஏ.இ. நின்றபடியே படித்தார். கொஞ்ச நேரம் பென்சிலைக் கையில் வைத்திருந்துவிட்டு, புள்ளி வைக்காமல் கையெழுத்துப் போட்டார்.